ஒரு டப்பா கிரீஸுக்கு எந்தத் தலைப்பு?

போன ஐப்பசி மழையில் எங்கள் ஊர்க் கண்மாயின் தெற்கு மடை ஷட்டர் இறங்க மறுத்துவிட்டது. கோடையில் மடைக்காலைச் சுத்தம் செய்வதற்காக முக்கால்வாசி தூக்கி வைத்திருந்தார்கள், அப்படியே நின்றுவிட்டது. மூன்று பேர் சேர்ந்து கைப்பிடியில் தொங்கினார்கள். திருகுக் கம்பி கால் சுற்று சுற்றியது, அம்மியில் அரிவாள் தீட்டுவது போல ஒரு சத்தம் போட்டது, அத்தோடு சரி. கம்பியின் மரை இடுக்கெல்லாம் துரு ஏறி, எங்கே மேடு எங்கே பள்ளம் என்று விரலால் தடவினாலும் தெரியவில்லை.

ராமநாதபுரம் பக்கம் புழுதி விதைப்பு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆவணி, புரட்டாசியில் காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஐப்பசியில் நெல் முளைத்து ஒரு சாண் நிற்கும். அந்த நேரத்தில் கண்மாய்க்குள் தேங்க வேண்டிய தண்ணீர் நேராக வயலுக்குள் பாய்ந்தால் பயிரும் போகும், தை மாதத்துக்கான தண்ணீரும் போகும். மணல் மூட்டை, வைக்கோல் பிரி, இரண்டு பனந்துண்டு எல்லாவற்றையும் போட்டு அடைக்க நான்கு நாள் ஆனது. அதற்குள் எவ்வளவோ தண்ணீர் போய்விட்டது.

எங்கள் கண்மாயில் மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் விடும் நீர்பாய்ச்சிக்கு எழுபத்தைந்து வயதிருக்கும். கரையில் துண்டைப் பிழிந்துகொண்டே என்னிடம் சொன்னார்: "தாயி, குமிழி மடை இருந்தவரைக்கும் நான் முங்கிப் போய்க் கட்டையை அடைத்துவிட்டு வந்துவிடுவேன். இது இரும்பு. இதற்கு வருடத்துக்கு ஒரு தடவை கிரீஸ் போட வேண்டும். மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்."

அவர் யாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் வரப்போகும் பதில் எனக்குத் தெரியும்.

நான் ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களில் 33 வருடம் கணக்கு எழுதியவள். ஒன்றியம் ஒன்றியமாக மாற்றலாகி, இளநிலை உதவியாளராகத் தொடங்கி, துணை வட்டார வளர்ச்சி அலுவலராக ஓய்வு பெற்றேன். நூறு ஏக்கருக்குக் குறைவாகப் பாசனம் உள்ள கண்மாய்கள் ஒன்றியத்தின் கணக்கில் வரும். அதற்கு மேல் உள்ளவை நீர்வளத்துறையுடையவை. எங்கள் ஊர்க் கண்மாய் சின்னது. அந்தத் தெற்கு மடைக்கு இரும்பு ஷட்டர் போட்ட பட்டியலை ஒரு மார்ச் 30ஆம் தேதி இரவு ஒன்பதரை மணிக்குச் சரிபார்த்துக் கையெழுத்துக்கு வைத்தவள் நான்தான். வேலையின் அளவுகளைப் பதியும் எம் புக் சரியாக இருந்தது, அளவு சரியாக இருந்தது, படம் ஒட்டியிருந்தது. மறுநாள் விட்டால் பணம் காலாவதியாகிவிடும் என்று ஓவர்சியர் மேசைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அந்த மதிப்பீட்டில் வர்ணத்துக்குக்கூடப் பணம் இருந்தது. கிரீஸுக்கு ஒரு வரி இல்லை. இல்லையே என்று எனக்கும் தோன்றவில்லை.

ஆகவே இந்தப் பதிவில் யாரையும் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் கொஞ்சம் சொல்வேன்.

ஓய்வுக்குப் பிறகு எங்கள் ஊரிலும் பக்கத்து மூன்று ஊர்களிலும் உள்ள ஆட்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம். பதிவு செய்த சங்கம்கூட இல்லை. கண்மாய், பறவை, வரத்துக்கால் ஆக்கிரமிப்பு, கருவேல மரம் என்று பேசுவோம். ஒவ்வொரு தை மாதமும், மாநில நிதிநிலை அறிக்கைக்கு முன்னால், சுற்றுச்சூழலுக்கு என்ன வேண்டும் என்று ஒரு மனு எழுதி அனுப்புவோம். முதல் வருடம் எழுதிய மனுவில் 23 கோரிக்கைகள் இருந்தன. பறவைக் கோபுரம், பனை விதை, பிளாஸ்டிக், மணல், தனி நீதிமன்றம், பள்ளிப் பாடத்திட்டம், மரகதப் பூங்கா, எல்லாம் இருந்தது. கல்யாண மளிகைப் பட்டியல் மாதிரி. அதைச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்தில் கொடுத்தபோது அங்கிருந்த உதவியாளர் பையன், மரியாதையாகத்தான், மூன்று பக்கத்தையும் புரட்டிவிட்டுக் கேட்டான்: "அம்மா, இதில் உங்களுக்கு எது வேண்டும்?"

எல்லாமே வேண்டும் என்று எங்களோடு வந்த தம்பி கோபமாகச் சொன்னான். எனக்கோ வெட்கமாக இருந்தது. 33 வருடம் மனு வாங்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். 23 கோரிக்கை உள்ள மனுவுக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? அதில் சுலபமான ஒன்றை எடுத்து, "கோரிக்கை எண் 17 ஏற்கனவே பரிசீலனையில் உள்ளது" என்று பதில் அனுப்பி, கோப்பை முடித்துவிடுவார்கள். நானே எத்தனை முடித்திருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான், ஒவ்வொரு துறைக்கும் சட்டமன்றத்தில் பணம் கேட்கும் மானியக் கோரிக்கைப் புத்தகங்களை உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். சுற்றுச்சூழலுக்கு 15ஆம் எண், வனத்துக்கு 54ஆம் எண். அரசு இணையதளத்தில் எல்லாமே கிடைக்கிறது, யாரும் படிக்கலாம். கொள்கை விளக்கக் குறிப்பு வழவழப்பாக, புலி படத்தோடு இருக்கும். அதை முதலில் எடுக்காதீர்கள். படம் இல்லாத, எண்கள் மட்டும் உள்ள புத்தகத்தை எடுங்கள். அதில் மூன்று பத்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்: போன வருடத்தில் உண்மையாகச் செலவானது, நடப்பு வருடத்தின் திருத்திய மதிப்பீடு, வரும் வருடத்துக்கான மதிப்பீடு. மூன்றாவது பத்தியைத்தான் செய்தித்தாள்கள் தலைப்பில் போடும். முதல் பத்திதான் நடந்தது. சில கணக்குத் தலைப்புகளில் இரண்டுக்கும் நடுவில் ஒரு கண்மாயே அடங்கும்.

அறிவிப்புகளில் குறை இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2022 ஜூலை வரைக்கும் தமிழ்நாட்டில் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்று பட்டியலில் சேர்ந்த ராம்சர் தளம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, கோடியக்கரை. 2025 பிப்ரவரியில் எங்கள் மாவட்டத்துச் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் சேர்ந்தபோது எண்ணிக்கை 20 ஆனது. இந்தியாவில் வேறெந்த மாநிலத்திலும் அத்தனை இல்லை. பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரில் கடற்பசுவுக்குக் காப்பகம், கடவூரில் தேவாங்குக்குச் சரணாலயம், வரையாட்டுக்கு 25 கோடி ரூபாய்க்குமேல் ஒரு திட்டம், மூன்றும் 2022இல் வந்தவை. அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்றதும் ஊர் ஊராக எழுந்து நின்றார்கள், சட்டமன்றம் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரியில் ஏலமே ரத்தானது. அன்று எங்கள் குழுவில் எல்லோரும் இனிப்பு சாப்பிட்டோம். இதையெல்லாம் சாதாரணம் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் கணக்கெழுதிய கைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்த அறிவிப்பைப் பார்த்தாலும் அடுத்த வருடம் இதற்கு எங்கிருந்து பணம் வரும் என்று கேட்கும். அரசுச் செலவில் இரண்டு சாதி: தொடரும் செலவினம், தொடராச் செலவினம். கட்டுவது, வெட்டுவது, வேலி போடுவது, திறந்து வைப்பது எல்லாம் இரண்டாவது சாதி. காவல் காப்பது, களை எடுப்பது, கிரீஸ் போடுவது முதல் சாதி. தொடராச் செலவுக்கு ஒரு கோடி கேட்டால்கூடக் கிடைத்துவிடும். தொடரும் செலவுக்கு வருடம் பத்தாயிரம் கேளுங்கள், நிதித்துறை பத்துக் கேள்வி கேட்கும். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. ஒரு முறை ஒப்புக்கொண்டால் காலத்துக்கும் கொடுக்க வேண்டுமே என்ற பயம், ஒரு குடும்பத்துக்கு இருக்கும் பயம்தான்.

இயற்கையோ முழுக்க முழுக்கத் தொடரும் செலவு. கண்மாயைத் தூர்வாரினால் அடுத்த மழையிலேயே மறுபடி வண்டல் வர ஆரம்பிக்கிறது. சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்துவிட்டு இரண்டு வருடம் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் முன்பைவிட அடர்த்தியாக நிற்கும். 2017இல் குடிமராமத்துத் திட்டம் 100 கோடி ரூபாயோடு தொடங்கியது, பாசனக்காரர்கள் தங்கள் பங்காகப் பத்து விழுக்காடு போட வேண்டும் என்ற ஏற்பாட்டோடு. நல்ல திட்டம். பல கண்மாய்களில் கரை உயர்ந்தது. ஆனால் குடிமராமத்து என்ற சொல்லுக்குப் பழைய பொருள் வேறு. அது வருடாவருடம் ஊரார் இறங்கிச் செய்கிற வேலை. அதை ஒழுங்குபடுத்தத்தான் 1858இலேயே வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டான். நாம் அந்தப் பெயரை எடுத்து ஒரு தடவை செய்கிற வேலைக்கு வைத்துக்கொண்டோம்.

இன்னும் பின்னால் போனால் எனக்குப் பொறாமையாகவே இருக்கிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் வருகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம், குடவோலையோடு நிறுத்திவிடுவோம். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் ஏரிப்பட்டி என்று ஒன்று வரும். ஏரியைப் பராமரிப்பதற்காகவே ஒதுக்கி வைத்த நிலம்; அதன் விளைச்சல் வேறெதற்கும் போகாது. வருடாவருடம் ஏரியில் மண் எடுக்க ஓடம் ஓட்டுவதற்கு நிவந்தம், அதாவது நிலையான கொடை, எழுதி வைத்திருக்கிறார்கள். கணக்குப் பாஷையில் சொன்னால், காலாவதியாகாத, வேறு தலைப்புக்கு மாற்ற முடியாத, தொடரும் ஒதுக்கீடு. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் கல்லில் வெட்டியது. நாங்கள் இன்றைக்குக் கேட்பது இதைவிடப் பெரிய விஷயமொன்றும் இல்லை.

சரி, பணம் எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்விக்குத்தான் எங்கள் குழுவில் அதிகம் சண்டை. பணமே இல்லை என்பார் ஒருவர், எல்லாவற்றையும் தின்றுவிட்டார்கள் என்பார் இன்னொருவர். இரண்டும் சோம்பேறிப் பதில்கள். பணம் பல உண்டியல்களில் பிரிந்து கிடக்கிறது, ஒவ்வொரு உண்டியலுக்கும் ஒரு பூட்டு.

காட்டு நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு எடுப்பவர்கள் கட்டும் பணம் ஒன்று. உச்ச நீதிமன்றத்தில் காடுகளைக் காக்க நடந்த கோதவர்மன் வழக்கின் வழியாகப் பிறந்த ஏற்பாடு, 2016இல் சட்டமாகி, 2018இல் நடைமுறைக்கு வந்தது. பணத்தில் 90 விழுக்காடு மாநிலத்துக்கு, 10 விழுக்காடு மத்தியில். மாநிலத்தின் பங்கு பொதுக்கணக்கில் வட்டியோடு கிடக்கும், மார்ச் 31இல் காலாவதியாகாது. இதைப் படித்தபோது, அடடா, மார்ச் மாத இரவுகள் இல்லாத ஒரு நிதி என்று எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்தது. ஆனால் காடு அழிந்தால்தான் இந்த உண்டியல் நிறையும். 2019இல் மத்திய அரசு மாநிலங்களுக்கு மொத்தமாக 47,000 கோடிக்கு மேல் மாற்றிக் கொடுத்தபோது, சுரங்கங்கள் நிறைந்த ஒடிசாவுக்கு ஆறாயிரம் கோடியை ஒட்டிப் போனது. தமிழ்நாட்டுக்கு வந்தது நூறு கோடியைச் சற்றே தாண்டியது. குறைவாக வந்ததற்குச் சந்தோஷப்பட வேண்டிய வினோதமான பணம். அதுவும் மரம் நடலாம், வழக்கமான ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்கக் கூடாது என்பது விதி. செடிக்குப் பணம் உண்டு, செடியைப் பார்த்துக்கொள்ள நிரந்தரமாக ஒரு ஆள் வைக்கப் பணம் இல்லை.

இன்னொன்று இருந்தது, இப்போது இல்லை. தண்ணீர் எடுக்கும் தொழிற்சாலைகளிடமிருந்து 1977ஆம் வருடச் சட்டப்படி வசூலித்த தண்ணீர் மேல்வரியில் பெரும்பகுதி மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டார்கள். அதே நாளில் நிலக்கரி மீதான தூய சுற்றுச்சூழல் மேல்வரியும் போனது. 2010இல் டன்னுக்கு 50 ரூபாயில் ஆரம்பித்து 2016இல் 400 ரூபாய்க்கு ஏறியிருந்த வரி. அதை எடுத்துவிட்டு, அதே 400 ரூபாயை மாநிலங்களுக்கான ஜிஎஸ்டி இழப்பீட்டு வரியாக்கினார்கள். நிலக்கரி அதே நிலக்கரி, ரூபாய் அதே ரூபாய், தலைப்பு மட்டும் மாறியது. தலைப்பு மாறினால் எல்லாம் மாறியது என்று அர்த்தம். இதைச் சாதாரண ஜனங்களுக்கு விளக்குவதுதான் கஷ்டம். இன்றைக்கு மாசு வாரியங்கள் பெரும்பாலும் ஆலைகள் இயங்க அனுமதிக்காகச் செலுத்தும் இசைவுக் கட்டணத்தை நம்பித்தான் ஓடுகின்றன. காவல்காரனுக்குச் சம்பளம் யார் வீட்டிலிருந்து வருகிறது என்று பாருங்கள்.

மாசு செய்பவனே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியாவில் வேரூன்றியதில் நம் மாநிலத்துத் தோல் ஆலைகளுக்குப் பெரிய பங்கு உண்டு, வேதனையான பெருமை. வேலூர் வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு ஆலைக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டு, அதைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிதி என்று தனியாக வைக்கச் சொன்னது. பாலாறும் அதன் கிணறுகளும் இருக்கும் இருப்புக்குப் பத்தாயிரம் எம்மாத்திரம். இருந்தாலும் 'தனியாக வை' என்று ஒரு நீதிமன்றம் சொன்னதே, அந்தச் சொல்தான் எனக்குப் பிடித்தது.

நிதிக்குழு விஷயமும் இப்படித்தான். 14ஆம் நிதிக்குழு மத்திய வரியை மாநிலங்களுக்குப் பங்கிடும்போது காட்டுப் பரப்புக்கு 7.5 விழுக்காடு மதிப்பு கொடுத்தது, 15ஆம் குழு அதைப் பத்தாக உயர்த்தியது. காட்டைக் காப்பாற்றிய மாநிலத்துக்கு அதற்காகவே பணம் வருகிறது. வந்த பணத்தைக் காட்டுக்குச் செலவிட வேண்டும் என்று நிபந்தனை கிடையாது. பொதுக் கஜானாவில் விழுந்தவுடன் அது எந்தப் பணம் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆற்றில் கொட்டிய பால் மாதிரி. தவிர, கண்மாய்க்கு அந்தக் கணக்கில் மதிப்பெண்ணே இல்லை. எங்கள் மாவட்டத்தில் காடென்று சொல்ல என்ன இருக்கிறது? கண்மாய்தான் எங்கள் காடு.

என் பழைய ஸ்கூட்டருக்குப் பதினைந்து வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போனபோது பசுமை வரி என்று ஒன்று கட்டினேன். ரசீதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே, இந்தப் பணத்தில் எங்கேயாவது ஒரு பசுமை நடக்கிறதா என்று கவுண்டரில் இருந்தவரிடம் கேட்டேன். பின்னால் வரிசை நின்றது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

வெளிநாட்டு உதாரணம் சொன்னால் எங்கள் நீர்பாய்ச்சிக்குப் பிடிக்காது, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தில் 1976இல் மக்கள் வாக்களித்து, நூறு டாலர் விற்பனைக்குப் பன்னிரண்டரை சென்ட் வரி வனவிலங்கு, காடு, மீன் வளத்துக்கென்று மாநில அரசியலமைப்பிலேயே எழுதி வைத்தார்கள். ஐம்பது வருடமாக ஓடுகிறது. ஜிஎஸ்டிக்குப் பிறகு நம் மாநிலங்களால் அப்படியே செய்ய முடியாது. ஆனால் வாகன வரி, முத்திரைத் தீர்வை, மதுபானம், கனிமம் எல்லாம் இன்னும் மாநிலத்தின் கையில்தான் இருக்கின்றன. கோவா 2013இல் பசுமை மேல்வரிக்கென்று ஒரு சட்டமே போட்டது. நீலகிரியில் மதுப்பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு 2022இல் வந்ததே, யானைக் காலில் கண்ணாடி குத்துவது குறைய அந்தப் பத்து ரூபாய் போதுமானதாக இருக்கிறது. பெரிய தொகையாக இருக்க வேண்டியதில்லை, வழி மாறாமல் இருந்தால் போதும்.

கனிமத்தைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இங்கே சுருக்கமாக: 2015இல் சட்டத்தைத் திருத்தி மாவட்டத்துக்கு மாவட்டம் கனிம அறக்கட்டளை வைக்கச் சொன்னார்கள். அதன் பணத்தில் முன்னுரிமை பெற வேண்டியவற்றில் குடிநீரோடு சுற்றுச்சூழலும் இருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் அந்தப் பணம் எதற்குப் போனது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். நான் கேட்ட இடத்தில் வந்த பட்டியலில் கட்டடங்கள் இருந்தன. கண்மாய் ஒன்றுகூட இல்லை.

ஒரு சரணாலயத்தில் தினக்கூலிக்குக் காவல் பார்த்த ஒருவரை எனக்குத் தெரியும். எந்தச் சரணாலயம் என்று எழுதப்போவதில்லை, அவருக்கு இன்னும் அங்கே வேலை வேண்டும். வேட்டைத் தடுப்புக் காவலர் என்று பெயர். மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டும் நாட்டுக்கருவேல மரத்தடியில், ராத்திரி டார்ச் லைட்டோடு உட்கார்ந்திருப்பார். குஞ்சு கீழே விழுந்தால் சாக்குப்பையில் எடுத்து வைத்து, காலையில் மீன் வாங்கிக் கொடுப்பார், தன் காசில். ஒரு சமயம் தொடர்ந்து சில மாதம் கூலி வரவில்லை. "ஒதுக்கீடு வரவில்லை என்கிறார்கள் அக்கா, ஒதுக்கீடு என்றால் என்ன?" என்று என்னிடம் கேட்டார். ஒரு திட்டத்தின் கீழ் அவரை வைத்திருந்தார்கள். திட்டம் முடிந்துவிட்டது. அடுத்த திட்டம் வரவில்லை. பறவைகளுக்கு அது தெரியாது. அவை வழக்கம்போல வந்துவிட்டன. அவரும் வழக்கம்போலப் போய் உட்கார்ந்திருந்தார். அந்த வருடம் அதே இடத்தில் புதிதாக ஒரு வரவேற்பு வளைவு கட்டினார்கள். வளைவின்மேல் நாரை சிற்பம், நன்றாகவே செய்திருந்தார்கள்.

அவரிடம் ஒதுக்கீடு என்றால் என்ன என்று விளக்க முயன்ற அன்றுதான் எங்கள் மனு மாறியது. இப்போது அதில் மூன்றே கோரிக்கைகள், ஒரே பக்கம்.

முதலாவது, கண்மாய், சரணாலயம், சதுப்புநிலம் எதில் எந்தக் கட்டுமானத்துக்குப் பணம் ஒதுக்கினாலும், அதன் மதிப்பில் ஒரு சிறு பங்கைப் பத்து வருடத்துக்குப் பராமரிப்பு என்ற பெயரில் தொடரும் செலவினத்தில் சேர்த்தே ஒதுக்க வேண்டும். சேர்க்காத மதிப்பீட்டுக்குத் தொழில்நுட்ப அனுமதி கொடுக்கக் கூடாது. இரண்டாவது, காவலர் கூலி திட்டத் தலைப்பில் இருக்கக் கூடாது, சம்பளத் தலைப்புக்கு வர வேண்டும். மூன்றாவது, ஒரு நீர்நிலையிலிருந்து அரசுக்குப் போகும் மண் கட்டணம், மீன் ஏலம், மர ஏலம், அபராதம் ஆகியவற்றில் ஒரு பகுதி, அந்த நீர்நிலையின் பெயரிலேயே காலாவதியாகாத கணக்கில் நிற்க வேண்டும். நவீன ஏரிப்பட்டி என்று தம்பி அதற்குப் பெயர் வைத்தான்.

மூன்றாவதுக்குத்தான் எங்களுக்குள்ளேயே எதிர்ப்பு. ஒரு கண்மாய்க்கு எத்தனை எஜமானர்கள் என்று எண்ணிப் பார்த்தோம். தண்ணீர் ஒரு துறை, மரம் ஒரு துறை, மண் ஒரு துறை, மீன் ஒரு துறை, ஆக்கிரமிப்பு வருவாய்த்துறை, கரைமேல் சாலை இன்னொருவர். எல்லோருக்கும் வரும்படி உண்டு, யாருக்கும் வீட்டு வேலை இல்லை. இவர்களில் யார் தன் பங்கை விட்டுக்கொடுப்பார்கள் என்று பக்கத்து ஊர்ப் பெரியவர் கேட்டார். பறவைக் கோபுரத்தை மனுவிலிருந்து எடுத்ததற்குத் தம்பிக்கு இன்னும் வருத்தம். கோபுரம் கட்டினால் அமைச்சர் திறக்க வருவார், வரும்போது மற்றதைக் கேட்கலாம் என்பது அவன் கட்சி. முட்டாள்தனமான யோசனை இல்லை அது. கோபுரத்துக்கு வருடாவருடம் வர்ணம் அடிப்பது யார் என்று மட்டும் கேட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மழை விட்ட பிறகு, மார்கழியில் ஒரு நாள், தெற்கு மடைக்குப் போனோம். ஒரு கிலோ கிரீஸ், கம்பித் தூரிகை, கொஞ்சம் மண்ணெண்ணெய், பழைய வேட்டித் துணி. மொத்தம் 640 ரூபாய், பில் வாங்கிக்கொண்டேன். நீர்பாய்ச்சி திருகுக் கம்பியின் ஒவ்வொரு மரையையும் தூரிகையால் தேய்த்தார். சிவப்புத் தூள் உதிர்ந்து கரையில் மிளகாய்ப்பொடி கொட்டியது போலக் கிடந்தது. மண்ணெண்ணெயை ஊற்றி ஒரு ராத்திரி ஊறவிட்டு, மறுநாள் கிரீஸைக் கையாலேயே அப்பினார். முதலில் கால் சுற்று, பிறகு அரை. பத்து மணி வெயிலில் கைப்பிடி முழுதாகச் சுற்றியது. ஷட்டர் ஒவ்வொரு விரற்கடையாக இறங்கி அடிக்கல்லில் 'டொக்' என்று உட்கார்ந்தது. அவர் கையை வேட்டித் துணியில் துடைத்துக்கொண்டு, அடுத்த வருடமும் நான் இருந்தால் போட்டுவிடுகிறேன் என்றார்.

அந்த 640 ரூபாய் பில்லின் நகலை இந்த வருட மனுவோடு இணைத்து, ஒரு திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று கொடுத்தேன். மனு பதிவு செய்யும் இடத்தில் ஒரு இளைஞர், என் வேலையை என்னைவிட வேகமாகச் செய்பவர், பில்லைத் திருப்பிப் பார்த்தார்.

"இந்தத் தொகையைத் திருப்பிக் கேட்கிறீர்களா அம்மா?"

"இல்லை தம்பி. அடுத்த வருடத்துக்கு இதே தொகையைக் கேட்கிறேன். அதற்கடுத்த வருடத்துக்கும்."

அவர் கணினியில் ஏதோ தேடினார். மேலும் கீழும் உருட்டினார். "எந்தத் தலைப்பில் போடுவது? பராமரிப்பு என்று இதற்கு எதுவும் இல்லையே."

அதையே மனுவின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னேன். சிரித்துவிட்டு, முத்திரையை மட்டும் குத்திக் கொடுத்தார்.